நீண்ட மரமும் ஒடுங்கிய பலகையும்

எமது முள்ளியவளையிலிருந்து கிழக்குப் பக்கமாகச் சென்றால் நந்திக்கடலும், அதற்கப்பால் முல்லைத்தீவுக் கடற்கரையும் எதிர்ப்படும். அக்கரையில் இப்பொழுது பைபர் படகுகளே மிகுதி. கட்டுமரத்தைக் கண்ணால் கண்ட மாணாக்கர் எனது பாடசாலையிற் சிலரே. இத்தகைய நாளில் என் பழைய மாணாக்கர் ஒருவர் வந்து, கட்டுமரத்தை நினைவூட்டும் கேள்வியொன்றைக் கேட்டார்.

அவர் கற்பிட்டிக் கடலேரியிலே வெளிநாட்டுப் பயணிகளுக்கு 'விங் ஃபொயில்' என்னும் நீர் விளையாட்டைப் பயிற்றுபவர். காற்றடைத்த சிறகொன்றைக் கையிற் பிடித்துப் பலகைமேல் நிற்பர். பலகையின் அடியில் ஒரு தண்டும், அதன் நுனியில் நீருக்குள் அமிழ்ந்த சிறு சிறகும் இருக்கும். வேகம் ஏறியதும் நீர்ச்சிறகு பலகையை அலைக்கு மேலே தூக்கிவிடும். "சேர், இருக்கிற காசுக்கு ஒரு பலகைதான் வாங்கலாம். நீளமானதை எடுக்கவோ, கட்டையானதை எடுக்கவோ?" என்றார். சரித்திரம் படிப்பித்தவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் நகைத்தேன். பின்னர் யோசித்துப் பார்த்தபோது, சரித்திரத்திற்கே உரிய கேள்விதான் என்று தோன்றியது.

நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் எப்பொருளும் தன் முன்னே அலையொன்றை எழுப்புகின்றது. அவ்வலையைத் தாண்டுவதற்கே ஆற்றலிற் பெரும் பகுதி செலவாகும். நீளம் கூடினால் இத்தடை பிந்தியே வலுக்கும் என்பதை வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1870களில் டோர்க்கீ நகரில் நீர்த்தொட்டி அமைத்து, மாதிரிக் கப்பல்களை இழுத்து அளந்து காட்டினார். அளவுகோல் அவருடையது, அனுபவமோ அதற்கு மிக முந்தியது. எடை குறைந்த மரங்களை நீளவாட்டில் அடுக்கிக் கயிற்றாற் பிணித்து, முன்பக்கத்தை ஒடுக்கி உயர்த்திய நம்மவர் நீளத்தின் பயனைக் கையினாலேயே கற்றவர்கள். கரையேறியதும் கட்டவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். ஊறிய மரம் பாரம் என்பது அவர்கள் கண்ட கணக்கு.

சோழமண்டலக் கரையார் இம்மிதவையைக் கட்டுமரம் என்று அழைப்பதை வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியான தம் நூலிலே குறித்தார். 1876இல் நியூயோர்க்கில் நதானியேல் ஹெரஷொப் என்பவர் இரண்டு ஒடுங்கிய ஓடங்களைப் பிணைத்து ஏனைய பாய்ப்படகுகளையெல்லாம் பின்தள்ளினார். வென்றவருக்குப் பரிசு மறுக்கப்பட்டது! அவ்வகைப் படகுக்கு நமது சொல்லே பெயராக நிலைத்தது. அமைப்போ பசுபிக் தீவினரின் இரட்டை ஓடத்துக்கு உறவானது. பெயரை மட்டும் வைத்து நாம் பெருமை கொண்டாடுவது பொருந்தாது.

ஒடுக்கத்தினால் வரும் குறை கவிழ்தல். சிங்கள மீனவரின் 'ஒருவ' என்னும் ஓடம், மனிதன் காலை நுழைக்க இடமிருந்தால் போதும் என்னுமளவுக்கு ஒடுங்கியது, தனியே நிற்காது. அதனாற் பக்கத்தே ஒரு மிதப்புக் கட்டையைப் பிணைத்தார்கள். மிதப்பு எப்பொழுதும் காற்று வரும் பக்கமே இருக்கவேண்டும் என்பதற்காக இரு முனையையும் ஒன்றுபோலவே செதுக்கி, திரும்பவேண்டிய வேளையில் பின்முனையை முன்முனையாக்கி ஓட்டினார்கள். இதைவிட அழகான தீர்வை நான் அறியேன்.

நீர்ச்சிறகும் நேற்றுப் பிறந்ததன்று. இத்தாலியரான என்ரிக்கோ போர்லானினி 1906இல் மஜோரே ஏரியில் இத்தகைய படகை ஓட்டினார். தொலைபேசியாற் புகழ்பெற்ற கிரகாம் பெல்லின் குழுவினர் 1919இல் கனடாவில் மணிக்கு 70 மைலுக்கு மேல் ஓட்டினர். ஆனால் அவர்களிடம் இயந்திரம் இருந்தது; என் மாணாக்கரிடம் காற்று மாத்திரமே உண்டு. வேகம் இரட்டித்தால் சிறகின் தூக்கும் விசை நான்கு மடங்காகும். அவ்வேகம் வரும்வரை பலகை வெறும் தோணிதான். ஐந்தடி நீளமும் அகன்ற உடலுமுள்ள பலகை நீரை முட்டித் தள்ளும். பலத்த காற்று வேண்டும். காற்றின் போக்கில் நெடுந்தூரம் ஓடுவதற்கென்று ஆக்கப்பட்ட நீண்ட பலகை, ஏழடி நீளமும் இருபது அங்குல அகலமுமாக, மெல்லிய காற்றிலும் வழுக்கிச் சென்று எழும்பிவிடும். எழுந்த பின்னரோ அந்நீளமே சுமை. திருப்பும்போது முன்னும் பின்னுமுள்ள பாரம் இழுக்கும். நிற்கும்போது இருபக்கமும் ஆடும்.

ஆகவே நான் அவரிடம் பலகையைப் பற்றிக் கேளாமல் காற்றைப் பற்றிக் கேட்டேன். வைகாசி முதல் புரட்டாதி வரை கற்பிட்டியிற் சோளகம் உரமாக வீசும். அப்பொழுது கட்டைப் பலகையே போதும். மார்கழி, தை மாதங்களில் வாடை தளர்ந்து வீசும் நாட்களில் எழும்ப முடியாது நடுக்கடலேரியில் நின்றுவிடுவதாகவும், அந்நாட்களிற் கூலியில்லை என்றும் சொன்னார். "அப்படியானால் உமக்கு நீளமானது, கற்க வருவோருக்கு அகன்றது" என்றேன். அவர் 70 கிலோ எடையுள்ளவர்; மிதப்பு 90 லீற்றருக்குக் குறையாமல் பார்க்கும்படியும் சொல்லி அனுப்பினேன்.

ஏழடிப் பலகையே வாங்கினார். முதல் வாரம் முழுவதும் விழுந்தெழும்பியதாகவும், பயணிகள் பார்த்துச் சிரித்ததாகவும் எழுதியிருந்தார். தை மாதக் கடிதத்தில் விழுந்த செய்தி இல்லை. வாடை மெலிந்த ஒரு பிற்பகலில் கடலேரியின் மறுகரை வரை போய்த் திரும்பியதை மட்டும் எழுதியிருந்தார்.