உள்ளடக்க மேலாண்மை மென்பொருளும் தமிழில் ஊர்ப் பக்கங்களும்

எளாவூர், திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் ஆந்திர எல்லையை அடுத்துள்ள ஊர். சென்னை–கூடூர் இருப்புப்பாதையில் உள்ள ரயில் நிலையமும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள சோதனைச்சாவடியும் இதன் அடையாளங்கள். இத்தகைய ஓர் ஊருக்குத் தமிழில் இணையப் பக்கம் அமைவது 1990-களில் எளிதன்று. எழுதுபவர் எச்டிஎம்எல் குறிகளை அறிந்திருக்க வேண்டும். கோப்பை எஃப்டிபி வழியாக வழங்கிக்கு ஏற்ற வேண்டும். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தவும் அதே சுற்றுவழிதான். ஊரை நன்கு அறிந்தவர்களில் பெரும்பாலோருக்கு இவை தெரியாது.

தமிழுக்கு எழுத்துருச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. தளத்துக்கு ஓர் எழுத்துரு என்ற நிலையே அன்று இருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து வெளியிட்டது. ஒரே நூலுக்கு டிஸ்கி, யுனிகோடு, பிடிஎஃப் எனத் தனித்தனிக் கோப்புகளை அது உருவாக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பு பெரிது. ஆனால் எழுத்தும் தோற்றமும் ஒரே கோப்பில் பிணைந்திருந்தால், குறியாக்கம் மாறும்போதெல்லாம் பழைய வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

இந்தப் பிணைப்பை அவிழ்ப்பதே உள்ளடக்க மேலாண்மை மென்பொருளின் பணி. எழுத்து தரவுத்தளத்தில் இருக்கும். தோற்றம் தனி வார்ப்பில் இருக்கும். வாசகர் கேட்கும்போது மென்பொருள் இரண்டையும் சேர்த்துப் பக்கமாகத் தரும். ட்ரூபல் 2001-லும் வேர்டுபிரசு 2003-லும் வெளிவந்தன. 1995-இல் வார்டு கன்னிங்காம் தொடங்கிய விக்கி இவற்றிலிருந்து சற்று வேறுபட்டது. அதில் வாசகரே பக்கத்தைத் திருத்தலாம். விக்கிப்பீடியாவுக்காக மாக்னசு மான்சுகே எழுதிய பிஎச்பி நிரல் 2002 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வழிவந்ததே மீடியாவிக்கி.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அபுதாபியில் பணிபுரிந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அதன் இடைமுகத்தைத் தமிழாக்கி, தொடக்கக் கட்டுரைகளையும் எழுதினார். இடைமுகம் தமிழானதே இங்கு முக்கியம். ‘தொகு’ என்ற பொத்தானை அழுத்த நிரல் அறிவு தேவையில்லை. முந்தைய வடிவங்கள் அனைத்தும் சேமிக்கப்படுவதால், தவறாக அழித்தாலும் மீட்டுவிடலாம். 2017-இல் கட்டுரை எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது.

அந்த எண்ணிக்கையில் ஊராட்சிக் கட்டுரைகள் பல்லாயிரம். தமிழ்நாட்டின் ஊராட்சிகள் ஏறத்தாழ 12,500. ஒவ்வொன்றுக்கும் தனியாக எச்டிஎம்எல் எழுத எவரும் துணிந்திருக்கமாட்டார்கள். அரசுத் தரவைக் கொண்டு ஒரே அமைப்பில் அவை ஆக்கப்பட்டன: மாவட்டம், தொகுதிகள், மக்கள்தொகை, சிற்றூர்கள், குடிநீர் இணைப்புகள், கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள்.

ஊர்த் தகவல் நிலையாக இருப்பதில்லை. எளாவூர்ப் பகுதி 1997 வரை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஊர் வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 5, 2010-இல் 16 என எண் மாற்றம் பெற்றது. 2019-இல் தமிழ்நாட்டில் ஐந்து புதிய மாவட்டங்கள் உருவானபோது நூற்றுக்கணக்கான ஊர்களின் முகவரி மாறியது. பல பக்கங்களுக்குப் பொதுவான செய்தி வார்ப்புருவில் இருந்தால், அதை ஓரிடத்தில் திருத்தியதும் எல்லாப் பக்கங்களிலும் மாறும். கட்டுரையின் உடலில் தட்டச்சிட்ட வரிகளுக்கு இது பொருந்தாது. அவற்றைக் கையாலோ தானியங்கி நிரலாலோதான் மாற்ற வேண்டும். மென்பொருளின் நன்மை பேசுவோர் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. ஒரே அச்சில் வார்த்த பக்கங்களில் கைக்குழாய்களின் எண்ணிக்கை இருக்கும். அக்குழாயில் வரும் நீர் உப்பா, நன்னீரா என்பது இராது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் சுற்றுவட்டாரத்தின் வயலும் ஏரியும் என்னவாயின என்பதை அரசு அட்டவணை தராது. அங்கே வாழ்பவர்தான் அதை எழுத வேண்டும். அதற்கான ‘தொகு’ பொத்தான் ஒவ்வொரு ஊர்ப் பக்கத்தின் மேலும் இருக்கிறது.