கத்திமுனை எங்கே? (5) – எடின்பரோவில் ஒருவர்

1907 மார்ச் மாதம், ஆஸ்திரியாவின் இன்ஸ்பர்க் நகரில், ஹெர்மான் ஷ்லோஃபர் ஒரு நோயாளியின் மூக்கைப் பெயர்த்து ஒரு பக்கமாகத் திருப்பி வைத்து, அந்த வழியாகப் பிட்யூட்டரிக் கட்டியை எடுத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். நோயாளி பிழைத்து எழுந்தார். ஆனால் இரண்டரை மாதத்தில் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது, கட்டியின் பெரும்பகுதி உள்ளேயே தங்கியிருந்தது. எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மிச்சம் என்று அறுவை அரங்கில் இருந்த எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஹார்வி குஷிங் அதே வழியில் இறங்கினார். மூக்கைப் பெயர்க்கும் கொடுமையை அவர் விட்டொழித்தார். மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கீறி, மூக்கின் நடுச்சுவரை ஒட்டியே பின்னோக்கிப் போனார். முகத்தில் தழும்பே விழாது. 1910 முதல் 1925 வரை 231 பேருக்கு இப்படி அறுவை செய்தார். இறந்தவர்கள் 5.6 சதவீதம்.

இந்தக் கணக்கின் அருமையை இன்று உணர்வது கடினம். அப்போது பெனிசிலின் கிடையாது, கார்டிசோன் கிடையாது. பிட்யூட்டரி சுமார் அரை கிராம் எடையுள்ள சுரப்பிதான், ஆனால் அது முடங்கினால் அட்ரினல் சுரப்பியும் முடங்கும், ரத்த அழுத்தம் சரியும், கட்டியை அழகாக எடுத்த பிறகும் நோயாளி கட்டிலிலேயே இறந்துபோவார். கையில் மருந்து இல்லாமல், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தை மட்டும் நம்பி, குஷிங் அந்த ஆழத்துக்குப் போய் வந்தார்.

அப்படிப்பட்டவர் அந்த வழியையே கைவிட்டார்!

காரணம் இல்லாமல் இல்லை. பிட்யூட்டரிக்கு நேர் மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் சந்திக்கின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் அவற்றை நசுக்கும். நோயாளி பெரும்பாலும் மருத்துவரிடம் வருவதே பார்வை மங்கித்தான். மூக்கு வழியே போனால் அந்த நரம்புகள் கண்ணில் படாது. மண்டையோட்டைத் திறந்து மேலிருந்து வந்தால் நேரே பார்க்கலாம், கட்டியை இன்னும் முழுமையாக எடுக்கலாம். மண்டையைத் திறப்பதில் கை தேர்ந்த பிறகு, 1920-களின் இறுதிக்குள், குஷிங் மேல்வழிக்கே மாறிவிட்டார். அவர் வரையில் அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். குஷிங் விட்டுவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஏறத்தாழ மருத்துவ உலகமே அதை விட்டதுதான் எனக்கு ஆறவில்லை. அடுத்த தலைமுறை அறுவை மருத்துவர்கள் பலர் இந்த வழியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வளர்ந்தார்கள்.

மிகச் சிலர் மட்டும் விடவில்லை. அவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருந்த நார்மன் டாட். அவர் மருத்துவம் படிக்க நினைத்தவரே அல்ல. பொறியியல் தொழிற்பயிற்சியில் இருந்த இளைஞர். 1913-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் இதுவே என் தொழில் என்று தீர்மானித்தார். 1923-இல் பாஸ்டன் போய் குஷிங்கிடமே பயின்றார். ஊர் திரும்பியதும் அவருக்குள் இருந்த பொறியாளர் விழித்துக்கொண்டார். மூக்கை விரித்துப் பிடிக்கும் உலோகக் கருவியின் முனையிலேயே சின்ன மின்விளக்கைப் பொருத்தினார். தலைவிளக்கின் ஒளி வழியிலேயே மருத்துவரின் கையிலும் கருவியிலும் தட்டி நின்றுவிடும். டாட்டின் விளக்கோ கட்டியின் பக்கத்திலேயே எரிந்தது.

1956 வாக்கில் தொடர்ந்து 80 பேருக்கு அறுவை செய்து, ஒருவரைக்கூட அவர் இழக்கவில்லை. இந்தச் சாதனையை அவர் கட்டுரையாக எழுதி வெளியிடவில்லை. எழுதியிருந்தால் எத்தனை பேர் மண்டையைத் திறக்காமலே பிழைத்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒரு மருத்துவ முறையின் உயிர் மிகச் சிலரின் விரல்களில் இருந்தது. அவர்களோடு அது முடிந்துபோயிருக்கலாம்.

அந்த 1956-இல்தான் பாரிஸிலிருந்து ஜெரார் கியோ எடின்பரோ வந்தார். டாட் அறுவை செய்வதை நேரில் பார்த்தார். பார்த்ததைப் பாரிஸ் கொண்டு போனார், அதோடு ஒன்றைச் சேர்த்தார். அறுவை நடக்கும்போதே பக்கவாட்டிலிருந்து எக்ஸ்-ரே. கருவியின் முனை எலும்பின் எந்த ஆழத்தில், எந்த உயரத்தில் நிற்கிறது என்று அப்போதே படத்தில் பார்க்கலாம். கத்திமுனை எங்கே என்ற கேள்விக்கு அரங்குக்குள்ளேயே கிடைத்த முதல் பதில் அது. கியோ ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இப்படி அறுவை செய்தார்.

அவரிடம் கற்றுக்கொண்ட கனடாக்காரர் ஜூல் ஹார்டி 1960-களில் மான்ட்ரியலில் மைக்ரோஸ்கோப்பையும் கொண்டுவந்தார். பார்வை போகும் கோட்டிலேயே ஒளியும் போனது. நல்ல சுரப்பி எது, கட்டி எது என்று பிரித்தறிய முடிந்தது. பத்து மில்லிமீட்டருக்கும் குறைந்த கட்டியை மட்டும் சுரண்டி எடுத்துச் சுரப்பியைக் காப்பாற்றினார் ஹார்டி. ஆன்டிபயாட்டிக்கும் கார்டிசோனும் அதற்குள் கைக்கு வந்திருந்தன. குஷிங் சாத்திய கதவு அகலத் திறந்தது.

ஆனால் கியோவின் எக்ஸ்-ரேயில் ஒரு குறை இருந்தது. ஒருவரின் நிழல் பக்கத்துச் சுவரில் விழுந்தால் அவர் உயரம் தெரியும்; சுவரை ஒட்டி நிற்கிறாரா, தள்ளி நிற்கிறாரா என்பது தெரியாது. பக்கவாட்டுப் படமும் அப்படித்தான். ஆழம் காட்டும், உயரம் காட்டும். இடமா வலமா என்று காட்டாது.

பிட்யூட்டரியின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் கரோட்டிட் தமனிகள் ஓடுகின்றன. சிலருக்கு அந்தத் தமனியை மூடும் எலும்பு மிக மெல்லிசு, சிலருக்கு ஓரிடத்தில் எலும்பே இருக்காது. பிட்யூட்டரிக்கு முன்னாலுள்ள எலும்பறையின் தடுப்பு பலருக்கு நடுக்கோட்டில் நிற்பதில்லை. வளைந்து போய்த் தமனியின் மேலேயே முடியும். அதை நடுக்கோடு என்று நம்பி மருத்துவர் பின்தொடர்ந்தால், சில மில்லிமீட்டரில் ரத்தம் பீறிடும்.

1971-இல் லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அதன் பிறகு தலையின் ஒவ்வொரு படலமும் இடம் வலம் மாறாமல் படமானது. ஆனால் படம் சுவரில் தொங்கியது, நோயாளி மேசையில் கிடந்தார். இரண்டையும் இணைக்க ஆளில்லை.

1980-களின் நடுவில் அமெரிக்காவின் டார்ட்மத்தில் டேவிட் ராபர்ட்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் அவரோடு சேர்ந்த பொறியாளர்களும் அறுவை மைக்ரோஸ்கோப்பின் மேல் மின்பொறி தெறிக்கும் முனைகளைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு பொறியும் சிறு ஒலியோடு வெடிக்கும். அதைக் கேட்க மைக்ரோபோன்கள். ஒலி வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து மைக்ரோஸ்கோப் எங்கே நிற்கிறது, எதைப் பார்க்கிறது என்று கணினி சொல்ல வேண்டும். அந்த இடத்தின் சி.டி. படத்தைக் கண்முன் காட்ட வேண்டும்.

மேசையில் நோயாளி தயார். பொறி வெடித்தது. கணினி ஓர் இடத்தைக் காட்டியது. அது சரியான இடம்தானா?

(தொடரும்)