செப்படிவித்தையும் சங்கமும்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் குப்பம் போன்ற எல்லையூர்களில் வாழும் நமக்குச் செப்படிவித்தை புதிதன்று. செப்பினுள் பந்தை ஒளித்துக்காட்டும் ஆட்டம் அது. அத்தகைய வித்தைகளை மேனாட்டார்க்குக் காட்டியவருள் ஒருவர் 'ராமோ சாமி'. நம் இராமசாமி என்னும் பெயரே ஆங்கிலேயர் நாவில் அவ்வாறு திரிந்தது. அவர் வாளை விழுங்குவார். மணிகளை வாயிலிட்டு நாவினாலேயே நூலில் கோப்பார். 1819-இல் அமெரிக்காவிலும் ஆடிக் காட்டினார். இத்துணைப் புகழ் பெற்றவர் 1850-இல் லண்டனில் மறைந்தபோது, அடக்கச் செலவுக்குப் பொருளின்றி அவர் மனைவியார் பத்திரிகை வாயிலாக உதவி வேண்டினார்.

துணைநிற்க ஒரு சங்கம் அன்று இல்லை. லண்டனில் 'மாஜிக் சர்க்கிள்' தோன்றியது 1905-இல்தான். வேறு தொழில் புரிந்துகொண்டே பொழுதுபோக்காக வித்தை பயில்வோரும் அதில் சேரலாம். ஆயினும் தேர்வு உண்டு. மறைபொருளை வெளியிடலாகாது என்னும் விதியும் உண்டு. நம் தெருவித்தைக்காரர் தம் மக்களுக்கு மட்டுமே வித்தை சொன்ன கட்டுப்பாடு இதற்கு இளைத்ததோ? எனினும் ஒரு வேற்றுமையை நாம் காண்கிறோம். குடும்பம் அற்றால் வித்தையும் அற்றுப்போகும். சங்கத்திலோ ஒருவர் கைப்பிழையை மற்றவர் திருத்த, முதியவர் மறைந்த பின்னும் வித்தை எஞ்சும். ஆனால் அச்சங்கமும் 1991 வரை பெண்களை உறுப்பினராக்காமல் கதவடைத்தே வைத்திருந்தது.