80 ஆன 100

இடஒதுக்கீடு என்று பேச்செடுத்தாலே, "விடைத்தாளுக்குச் சாதியும் தெரியாது, ஆண் பெண்ணும் தெரியாது" என்று நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். தாளுக்குத் தெரியாமல் இருக்கலாம். மதிப்பெண் போடுகிற கைக்குத் தெரியும். ஜப்பானில் அந்தக் கை ஆதாரத்தோடு பிடிபட்டது.

கல்வி அமைச்சக உயர் அதிகாரி ஒருவரின் மகனுக்கு டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் முறைகேடாக இடம் கொடுத்த ஊழல் 2018இல் வெடித்தது. அதைத் தோண்டப் போனபோதுதான் பெரிய பூதம் கிளம்பியது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வின் இரண்டாம் கட்டத்தில் 100 மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டுரை. முதலில் எல்லோருடைய மதிப்பெண்ணையும் 0.8ஆல் பெருக்கினார்கள். பிறகு, முதல்முறை எழுதிய ஆண்களுக்கும் இரண்டு முறை வரை தோற்று வந்த ஆண்களுக்கும் 20 கூட்டினார்கள். மூன்று முறை தோற்ற ஆண்களுக்கு 10. பெண்களுக்கு ஒன்றுமில்லை, நான்கு முறை தோற்ற ஆண்களுக்கும் ஒன்றுமில்லை. ஆக, 100 வாங்கிய பெண்ணுக்கும் 80, முதல்முறை எழுதி 75 வாங்கிய பையனுக்கும் 80.

ஏதோ ஒரு வருடத்துக் கோளாறு அல்ல இது. 2006 வாக்கிலிருந்தே மதிப்பெண்ணில் கை வைத்து வந்திருக்கிறார்கள். பெண்கள் கல்யாணம், பிள்ளைப்பேறு என்று வேலையை விட்டுவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். (மருத்துவமனையின் வேலை நேரத்தைத் திருத்தலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.) ஜுன்டென்டோ பல்கலைக்கழகம் சொன்ன காரணம் இன்னும் விசேஷம்: அந்த வயதில் பெண்களுக்குப் பேச்சுத்திறன் கூடுதலாம், நேர்காணலில் அதைச் 'சரிக்கட்டினார்களாம்'. பின்தங்கினால் தகுதியில்லை, முந்தினால் அதுவே குற்றம். நமக்கு இந்த நியாயம் புதிதா என்ன?

திருத்தல் நின்றதும் என்ன ஆனது? டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகத்தில் 2019இல் தேறிய பெண்கள் 20.2 சதவீதம், ஆண்கள் 19.8. 2021இல் நாடு முழுவதுமே மருத்துவச் சேர்க்கையில் பெண்களின் தேர்ச்சி விகிதம் ஆண்களைத் தாண்டியது. 2022இல் இரு பல்கலைக்கழகங்களும் வழக்குத் தொடுத்த பெண்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஊழல் வெடித்த கையோடு ஜப்பான் அரசு 81 மருத்துவக் கல்வி நிறுவனங்களிடம் ஆறு ஆண்டுக் கணக்கை ஆண், பெண் என்று பிரித்துக் கேட்டது. பெரும்பாலானவற்றில் ஆண்களின் கை ஓங்கியிருந்ததும், வேறு சில பல்கலைக்கழகங்களின் முறைகேடுகளும் அப்படித்தான் வெளியே வந்தன. நீட் தேர்வுக்கும் அப்படியொரு கணக்கைக் கேட்போம். பெண்கள் என்று ஒரு பட்டியல், பட்டியல் சாதியினர் என்று இன்னொரு பட்டியல் போதாது. தலித் பெண்கள் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் இடம் பெற்றார்கள், எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள்? ஆண்டுதோறும், கல்லூரி வாரியாக.