நெகிழ் பொறியமைப்பும் வானூர்தி இறக்கையும்

நெகிழ் பொறியமைப்பு என்பது கீல், அச்சாணி போன்ற மூட்டுகளுக்குப் பதிலாகத் தன் உறுப்புகள் வளைவதாலேயே இயங்கும் பொறியமைப்பு ஆகும். வில் இதற்குப் பழமையான எடுத்துக்காட்டு. பொறியாளர்கள் இம்முறையைக் கைவிட்டுப் பின்னர் மீண்டும் நாடியதை வானூர்தி இறக்கையின் வரலாறு காட்டுகிறது.

இறக்கை முறுக்கல்

1899இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திவந்த வில்பர் ரைட், டியூப் வந்த நீண்ட அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் முறுக்கினார். அதன் இரு முனைகளும் எதிரெதிர்த் திசைகளில் திரும்பின. ஈரடுக்கு இறக்கையையும் இவ்வாறு முறுக்கினால் ஒரு பக்கம் தூக்குவிசை கூடும், மறுபக்கம் குறையும். அதனால் வானூர்தியின் சாய்வைக் கட்டுப்படுத்தலாம் என அவர் உணர்ந்தார். அதே ஆண்டு பட்டம் ஒன்றில் இதைச் சோதித்தார். 1903 திசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் அருகே பறந்த ரைட் சகோதரர்களின் வானூர்தியிலும் இம்முறையே இருந்தது. படுத்திருந்த ஓட்டுநர் இடுப்பை நகர்த்தினால் கம்பிகள் இறக்கை நுனிகளை முறுக்கும். முதல் பறப்பு 12 நொடிகளில் 120 அடி சென்றது.

கீலுக்கு மாற்றம்

வேகமும் எடையும் கூடியபோது இறக்கைகள் விறைப்பாக இருக்க வேண்டியதாயிற்று. விறைத்த இறக்கையை முறுக்குவது கடினம். எளிதில் முறுங்கும் இறக்கை பெருஞ்சுமை தாங்காது. எனவே கீலில் அசையும் ஏலரான் மடல்கள் இறக்கை முறுக்கலின் இடத்தைப் பிடித்தன. ஆனால் மடலுக்கும் இறக்கைக்கும் இடையிலான இடைவெளிகள் காற்றோட்டத்தைக் குலைத்து இழுவையையும் இரைச்சலையும் கூட்டின.

வளைவின் மீள்வரவு

வளையும் உறுப்பு வேண்டிய அளவு வளைய வேண்டும், சுமையையும் தாங்க வேண்டும், பலமுறை வளைந்தும் முறியாதிருக்க வேண்டும். இதைக் கணக்கிடும் வழிகள் 1990களில் வலுப்பெற்றன. லாரி ஹவல், அசோக் மிதா ஆகியோர் வளையும் பட்டையை, சுருள்வில் பொருத்திய கீலால் இணைந்த விறைத்த தண்டுகளாகக் கொண்டு கணக்கிடும் முறையை உருவாக்கினர். அனந்தசுரேசு, சிறீதர் கோட்டா ஆகியோர் பொருளை எங்கே வைப்பது, எங்கே நீக்குவது என்பதைக் கணினியே தேர்ந்தெடுக்கும் முறையை வளர்த்தனர்.

கோட்டாவின் நிறுவனம் வடிவமைத்த, இடைவெளியற்று வளையும் மடலை நாசா 2014-15இல் கல்ஃப்ஸ்ட்ரீம் வானூர்தியில் சோதித்தது. -2 பாகை முதல் 30 பாகை வரையிலான நிலைகளில், ஒவ்வொரு பறப்பிலும் ஒரே கோணத்தில் நிறுத்திச் சோதனை நடந்தது. முறுக்கலா, விறைப்பா என்று ஒருகாலத்தில் ஒன்றைத் தேர வேண்டியிருந்த இடத்தில், இரண்டையும் ஒரே இறக்கையில் பெறலாம் என்பதை இது காட்டியது.