இளைஞர் திரையும் அலைவரிசையின் உடைமையும்

இளைஞருக்காக ஒளிபரப்புவது வேறு; இளைஞரே தம் வாழ்வை விவரணப்படமாக்கி ஒளிபரப்புவது வேறு. முன்னதில் அவர்கள் வாடிக்கையாளர்; பின்னதில் படைப்பாளிகள். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு அரை நூற்றாண்டுத் தொலைக்காட்சி வரலாற்றை நோக்குவோமாயின், கமரா எவர் கையில் இருந்தபோதிலும், அலைவரிசையின் உடைமையாளரே இறுதிச் சொல்லைச் சொன்னார் என்பது புலனாகும்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தனியார் முயற்சியாகத் தொடங்கிற்று. அவ்வாண்டு ஜூனிலேயே அரசு அதனைத் தன்வசமாக்கிக்கொண்டது. 1982 பெப்ரவரி 15இல் யப்பானிய உதவியுடன் ரூபவாஹினி பிறந்தது. நாட்டின் திரை இவ்வாறு கொழும்பிலே கருக்கொண்டு, கொழும்பின் கண்ணாலேயே நாட்டைப் பார்க்கலாயிற்று.

இந்நிலையில் 1990களின் நடுப்பகுதியில் கொழும்பில் எழுந்த 'யங் ஏஷியா தொலைக்காட்சி' கருதத்தக்க முயற்சியாகும். அதனைத் தோற்றுவித்த வேர்ல்ட்வியூ நிறுவனத்தின் தலைவர் ஆர்னே பியோர்ட்டொப்ட், நோர்வேயின் பத்திரிகையாளர். 1960களின் இறுதியில் காரைநகர்க் கடற்றொழிலாளரிடையே சீநோர் திட்டத்தைத் தொடங்கியவரும் இவரே. இளந் தயாரிப்பாளர்கள் சமாதானம், சுற்றாடல், அபிவிருத்தி ஆகியன பற்றிச் சிங்களத்திலும் தமிழிலும் விவரண நிகழ்ச்சிகளை ஆக்கினர். எனினும் அவர்களுக்குச் சொந்த அலைவரிசை இல்லை. பிறர் அலைவரிசையில் இடமும் வெளிநாட்டு உதவியும் வேண்டியிருந்தன. உதவியை நம்பி நிற்கும் குரல், உதவுவோர் விருப்பத்தின் எல்லையைத் தாண்டுதல் அரிது.

சொந்த அலைவரிசை இருந்தால் மட்டும் போதுமா? 2005 ஆகஸ்ட் 1இல் அமெரிக்காவில் அல் கோரும் ஜோயல் ஹையட்டும் தொடங்கிய 'கரண்ட்' இவ்வினாவுக்கு விடை தருகின்றது. நேயர்களே எடுத்தனுப்பிய சில நிமிடக் குறும்படங்களை அது ஒளிபரப்பிற்று. 'வான்கார்ட்' என்ற தொடரிலே துணிவுமிக்க விவரணங்களையும் தந்தது. ஆனால் காலப்போக்கில் நேயர் படங்கள் ஒதுங்கின; 2011 அளவில் அரசியல் விவாதங்கள் திரையை நிறைத்தன. 2013 ஜனவரியில் அலைவரிசை அல் ஜசீராவுக்கு விற்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் 'கரண்ட்' மறைந்தது. படம் எடுத்தனுப்பிய இளைஞர்க்கு அவ்விற்பனையில் வாக்கு ஏது?

2009 மார்ச் 17இல் 'வான்கார்ட்' தொடருக்காகச் சென்ற லோரா லிங், யூனா லீ என்னும் இரு பெண்கள் வடகொரிய எல்லையில் கைதாயினர். உலகம் அவர்களுக்காகக் குரல் கொடுத்தது. ஆகஸ்டில் அவர்கள் விடுதலை பெற்றனர். அது முறையே. அதே மார்ச்சில், நம் வன்னி மக்கள் கடலுக்கும் களப்புக்கும் இடையில் குண்டுமழையில் சிக்கியிருந்தனர். சுயாதீனப் பத்திரிகையாளர்க்கு அங்கே அனுமதியில்லை. அரசின் திரை அரசின் வெற்றியைக் காட்டிற்று. 2005 முதல் இங்கிருந்து இயங்கிய தமிழீழ தேசியத் தொலைக்காட்சி இயக்கத்தின் குரலாகவே நின்றது. இரு திரைகளிலும் தம் சொல்லைத் தாமே சொல்லும் உரிமை சாமானியனுக்குக் கிட்டவில்லை.

இன்று ஏ9 வீதி திறந்திருக்கிறது. கனகராயன்குளத்து மாணவர் பலர் கையிலும் கமராவுள்ள தொலைபேசி இருக்கிறது. எனினும் அவர்கள் எடுப்பவை பன்னாட்டு நிறுவனங்களின் வலையிலே, அந்நிறுவனங்களின் இலாபத்துக்காகவே உலவுகின்றன. குளத்து நீரை நம்பி விதைத்த வயலையும், 2017இல் வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய அறப்போராட்டத்தையும் நம் பிள்ளைகளே விவரணமாக்க வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது இது: மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் அரச தொலைக்காட்சி, மாவட்டந்தோறும் மாணவர் ஆக்கும் விவரணங்களுக்கு வாரத்தில் நிலையான நேரம் ஒதுக்கட்டும்; உழைப்புக்கு ஊதியம் தரட்டும். பாடசாலைகள் அப்படங்களின் பிரதிகளைத் தம் நூலகங்களிலே பேணட்டும். ஆசிரியராகிய நாம் கட்டுரை எழுதப் பயிற்றுவதுபோலவே காட்சியால் சான்று கூறவும் பயிற்றுவோம். அலைவரிசை பொதுவுடைமையாகும் நாளுக்கு அதுவே நம்மாலான ஆயத்தம்.