திருகோணமலை

இலங்கையின் கிழக்குக் கரையில், கொட்டியாரக் குடாவின் வடபுறம் அமைந்த துறைமுக நகரம். கிழக்கு மாகாணத்தின் தலைநகர். ஊர்மக்கள் சுருக்கமாகத் திருமலை என்பார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகத்தாரும் வாழும் மாவட்டம் இது.

இந்நகரின் வரலாறு முழுவதையும் அதன் துறைமுகமே எழுதியிருக்கிறது. குன்றுகளும் முனைகளும் சூழ, ஏறத்தாழ 1,630 ஹெக்டேர் நீர்ப்பரப்புடன் உள்துறைமுகம் கடலின் கொந்தளிப்புக்கு எட்டாமல் ஒதுங்கிக் கிடக்கிறது. மகாவலி கங்கை கலக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடியில் ஓர் ஆழ்ந்த பள்ளத்தாக்கு வெளியே நீள்கிறது. நீலத் திமிங்கிலங்கள் இக்கரைக்கு இவ்வளவு அருகில் தென்படுவதற்கும் அந்த ஆழமே காரணம். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பூல் நகரமும் பெரிய இயற்கைத் துறைமுகத்துக்குப் பெயர்பெற்றதுதான். ஆனால் அதன் பெரும்பகுதி ஆழமற்ற நீர். பரப்பும் ஆழமும் ஓரிடத்தில் கூடிவருவது உலகில் அரிது. திருமலையில் இரண்டும் கூடின.

கோட்டை முனையில் கடலுக்குமேல் செங்குத்தாக எழும் சுவாமி மலையில் கோணேசுவரர் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடினார். பல்லவர், சோழர், பாண்டியர் காலங்களில் செழித்த இக்கோயிலை 1620களில் போர்த்துக்கீசர் இடித்தனர். படைத்தலைவன் கொன்ஸ்தந்தீனு டி சா அந்தக் கற்களைக்கொண்டே கோட்டை கட்டினான். பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல் ஒன்று இன்றும் கோட்டை வாயிலில் பதிந்திருக்கிறது. இந்தக் கரையில் நிகழ்ந்த பேரிழப்புகளில் அக்கோயிலின் அழிவே முதன்மையானது என்பதில் ஐயமில்லை. அடியார்கள் மறைத்துவைத்த செப்புத் திருமேனிகளில் சில, 1950இல் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்டனர். மீண்டும் எழுப்பிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

கோட்டை அடுத்தடுத்துக் கைமாறியதற்குக் காற்றே காரணம். சோழமண்டலக் கரையில் அக்காலத்தில் பாய்க்கப்பல் கடற்படை ஒதுங்கத் தக்க ஆழ்துறை இல்லை. சென்னையிலும் திறந்த கடலில்தான் நங்கூரமிட வேண்டியிருந்தது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் பிரிட்டிஷ் கப்பல்கள் பம்பாய் வரை ஓடவேண்டியிருந்தது. அந்த மாதங்களில் திருமலையை வைத்திருப்பவர் கையில் வங்கக் கடல் இருக்கும். 1639இல் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் சேர்ந்து போர்த்துக்கீசரிடமிருந்து கோட்டையைப் பிடித்தனர். 1672இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து, நிலைகொள்ள முடியாமல் போயின. 1782 ஒரே ஆண்டில் சனவரியில் பிரிட்டிஷாரும் ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் பிடித்தனர். செப்டம்பர் 3ஆம் நாள் துறைக்கு வெளியே இரு கடற்படைகளும் மோதின. போர் முடிந்தபின் ஒல்லாந்தரிடம் திரும்பிய ஊரை 1795இல் பிரிட்டிஷார் கைப்பற்றி, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வைத்திருந்தனர். கோட்டைக்குப் பிரெட்ரிக் என்ற பெயர் 1803இல் வந்தது. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய ‘டிரிங்கோமலி’ போர்க்கப்பல், இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்லஸ் ஆஸ்டின், 1852இல் பர்மாவில் இறந்து இந்நகரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார்.

வணிகம் மட்டும் இங்கே வேர்விடவில்லை. தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு அருகிலிருந்த கொழும்பில் 1875 முதல் அலைதாங்கி கட்டிச் செயற்கைத் துறைமுகம் எழுப்பினார்கள்; சரக்குகள் அங்கே போயின. இயற்கை தந்த துறை போர்க்கப்பல்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. சீனக்குடாக் காட்டில் கடற்படைக்காக எண்ணெய்த் தொட்டிகள் எழுந்தன. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் திருமலையின் மதிப்பு இன்னும் கூடியது. ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கின. முந்தின இரவே துறையை விட்டுக் கிளம்பிய ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. பிரிட்டிஷ் கடற்படை 1957இல் வெளியேறியது.

உள்நாட்டுப் போர் ஊரைப் பிளந்தது. 2006 சனவரி 2இல் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்களும், அவ்வாண்டு ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்களும் கொல்லப்பட்டனர். அக்குடும்பங்களுக்கு இன்னும் நீதி கிடைக்கவில்லை. இடையே 2004 ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது.

1987 இந்திய-இலங்கை உடன்பாட்டோடு பரிமாறிய கடிதங்களில், இந்திய நலனுக்குக் கேடாக இத்துறைமுகத்தை எந்த நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் அளிக்கக்கூடாது என்ற வாக்குறுதி இடம்பெற்றது. சீனக்குடாவில் எஞ்சிய 99 தொட்டிகள் பற்றி 2022 சனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது: 14 இந்திய எண்ணெய்க் கழகத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. கோதுமை மாவு ஆலையும் சிமெந்து ஆலையும் இத்துறையைப் பயன்படுத்துகின்றன. அதன் ஆழத்தோடும் பரப்போடும் ஒப்பிட்டால், இங்கு வந்துபோகும் சரக்குக் கப்பல்கள் இன்னும் மிகக் குறைவு.